விவசாயக் குடும்பத்துக்கு நேரடியா பணம் வந்தா என்ன மாறுது? அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஊர்ல சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்க, சென்னையில இருந்து விவாதம் பண்ற நண்பர்கள்னு எல்லாரும் திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க இதெல்லாம், ஒவ்வொரு தடவையும் போன்ல சொல்லிட்டு இருக்குறதுக்கு ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு தோணுச்சு. நான் பேசுறது பெரும்பாலும் டெல்டா பக்கம் ஒண்ணு ரெண்டு ஏக்கர் வெச்சு நெல் போடுற குடும்பங்களைப் பத்தி.

நேரடிப் பணம்னு எதெல்லாம் சொல்றீங்க?

நடுவுல ஆள் இல்லாம, பொருளா இல்லாம, பேங்க் அக்கவுன்ட்ல காசா வந்து விழுறது. நம்ம ஊர் விவசாயக் குடும்பத்துக்கு முக்கியமா ரெண்டு. ஒண்ணு மத்திய அரசோட பிஎம் கிசான், 2019 பிப்ரவரி 24ம் தேதி கோரக்பூர்ல ஆரம்பிச்சது, வருஷம் 6000 ரூபா, நாலு மாசத்துக்கு ஒரு தடவை 2000ன்னு மூணு தவணையா வரும். முதல்ல 5 ஏக்கர் வரைக்கும் உள்ள சிறு குறு விவசாயிக்கு மட்டும்னு இருந்தது, அதே வருஷம் நிலம் இருக்குற எல்லாருக்கும்னு மாத்திட்டாங்க (வருமான வரி கட்டுறவங்க, மாசம் 10000க்கு மேல பென்ஷன் வாங்குறவங்க மாதிரி சிலர் கிடையாது). ரெண்டாவது தமிழ்நாடு அரசோட மகளிர் உரிமைத் தொகை, 2023 செப்டம்பர் 15 அன்னைக்கு காஞ்சிபுரத்துல தொடங்குனது, குடும்பத்தலைவி அக்கவுன்ட்டுக்கு மாசம் 1000. இதுக்கு வருமானம் வருஷம் இரண்டரை லட்சத்துக்குள்ள, நஞ்சை 5 ஏக்கர் இல்லன்னா புஞ்சை 10 ஏக்கருக்குள்ள, கரண்ட் வருஷம் 3600 யூனிட்டுக்குள்ளன்னு கண்டிஷன் வெச்சாங்க. இது விவசாயத் திட்டம் இல்லதான், ஆனா சின்ன விவசாயி வீட்டுல நிறைய பேருக்கு வருது.

வருஷம் 6000 ரூபா, இதுல என்னங்க பெருசா மாறிடப் போகுது?

அதிகமா கேக்குற கேள்வி இதுதான். முதல்ல கணக்கை பாத்துடுவோம். 2019ல மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்புல ஒரு விவசாயக் குடும்பத்தோட சராசரி மாச வருமானம் 10,218 ரூபா, அதுல பயிர்ல இருந்து வந்தது வெறும் 3,798, கூலியில இருந்து வந்தது 4,063. அதாவது நாம விவசாயின்னு சொல்றவருக்கே பயிரை விட கூலிதான் அதிகம் சோறு போடுது. அந்தக் குடும்பத்துக்கு மாசம் 500ன்னா வருமானத்துல 5 சதவீதம் கூட இல்ல. இப்படி பாத்தா ஒண்ணும் மாறாதுன்னுதான் தோணும்.

ஆனா வயல்ல காசு மாசக் கணக்குல போறதில்ல, நாள் கணக்குல போகுது. சம்பாவுக்கு களை எடுக்கணும்னா பத்து பதினஞ்சு பொம்பளை ஆள் கூப்பிடணும், அவங்களுக்கு சாயங்காலம் கரை ஏறும்போது கையில காசு குடுத்தாகணும், நாளைக்கு தரேன்னு சொன்னா நாளான்னைக்கு அடுத்தவங்க வயலுக்கு போயிடுவாங்க, அது அவங்க நியாயம். காசு இல்லாம களை ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப் போச்சுன்னா மேலுரம் போடுறதும் தள்ளிப் போகும், களையோட சேர்த்து உரம் போட்டா களைதான் அதை சாப்பிட்டு வளரும், பயிர் தூர் கட்டாது (பக்கத் தண்டு விடாது). அப்ப அந்த 2000 ரூபா இல்லாம போனதால நட்டம் 2000 இல்ல, அதைவிட நிறைய.

உரத்தையே எடுத்துக்குங்க. டிஏபி மூட்டை 1350, யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபா 50 காசு. ஒரு தவணை 2000ல ஒரு டிஏபியும் ரெண்டு யூரியாவும் வாங்கினா 117 ரூபா மிச்சம், ஆட்டோவுக்கு ஆகும். கையில காசு இல்லாதவர் இதையே உரக்கடையில கணக்குல எழுதி வாங்குவார், அறுப்புக்கு அப்புறம் குடுக்குறேன்னு. கணக்குல வாங்குறவர் விலையில பேச முடியாது, கூடவே இந்த பூச்சி மருந்தையும் எடுத்துட்டுப் போங்கன்னு கடைக்காரர் தள்ளி விட்டா வேணாம்னும் சொல்ல முடியாது. சில ஊர்ல உரக்கடைக்காரரே நெல் யாவாரியாவும் இருப்பார், அப்ப நெல்லும் அவருக்குத்தான் போகணும், அவர் சொல்ற விலைக்குத்தான் போகணும். ரொக்கமா வாங்குறவர் அந்த வலையில மாட்டல.

கைமாத்து கணக்கும் இதேதான். மூணு வட்டிக்கு பத்தாயிரம் வாங்கினா மாசம் 300, நாத்து விட்டதுல இருந்து அறுப்பு வரைக்கும் அஞ்சு மாசம்னு வெச்சா 1500 வட்டிக்கே போகும். அஞ்சு வட்டிக்கு வாங்குறவங்களும் இருக்காங்க. தமிழ்நாட்டுல கந்துவட்டி தடுப்புச் சட்டம் 2003லயே வந்துடுச்சு, ஆனா ராத்திரி எட்டு மணிக்கு அவசரமா காசு தேவைப்படுறவன் சட்டத்தை பாத்துட்டு இருக்க மாட்டான். கடனே வாங்காம இருக்க முடியாது, ஆனா பத்தாயிரம் வாங்குற இடத்துல எட்டாயிரம் வாங்கினா போதும்னு ஆச்சுன்னா அதுவே பெரிய விஷயம்.

அப்ப எவ்ளோங்கிறதை விட எப்ப வருதுங்கிறதுதான் முக்கியம்னு சொல்றீங்களா?

ஆமா, நான் சொல்ல வர்றதே அதுதான். தேதி தெரிஞ்சு வர்ற காசு, தெரியாம வர்ற காசை விட ரெண்டு மடங்கு வேலை செய்யும். பிஎம் கிசான் தவணை காகிதத்துல ஏப்ரல்–ஜூலை, ஆகஸ்ட்–நவம்பர், டிசம்பர்–மார்ச்னு இருக்கு. நடைமுறையில என்ன ஆகுதுன்னா, ஒரு மேடை, ஒரு விழா, ஒரு பட்டன், அப்புறம்தான் காசு. 2025ல 19வது தவணை பிப்ரவரி 24ல வந்தது, அடுத்தது ஆகஸ்ட் 2ல. அஞ்சு மாசத்துக்கு மேல இடைவெளி. ஏப்ரல்–ஜூலைக்கான காசு ஜூலை முடிஞ்ச பிறகு வருது. ஜூன்ல மேட்டூர் தண்ணி வந்து குறுவைக்கு நாத்து விட்டு நட்டு மேலுரமும் போட்டு முடிச்சவருக்கு ஆகஸ்ட்ல வர்ற 2000 ஏற்கனவே வாங்குன கடனுக்கு வட்டியாத்தான் போகும். அதே 2000 ஜூன் முதல் வாரம் வந்திருந்தா விதையா, உரமா, டிராக்டர் கூலியா நிலத்துல இறங்கியிருக்கும். தவணை தேதியை முன்கூட்டியே சொல்லி அந்தத் தேதிக்கு போடுங்கன்னு கேக்குறது தொகையை கூட்டுங்கன்னு கேக்குறதுக்கு கொஞ்சமும் குறைஞ்சது இல்ல, இதுக்கு கூடுதலா ஒரு ரூபா கூட செலவாகாது.

உரிமைத் தொகையை ஜனங்க நம்புறதுக்கு காரணமும் இதுதான், மாசம் பாதியில வந்துடும்னு தெரியும், அதை நம்பி சீட்டு கட்டலாம், குழுக் கடன் தவணைக்கு நாள் சொல்லலாம், கடையில பதினஞ்சாம் தேதி தரேன்னு வாய் விட்டு சொல்லலாம்.

வீட்டுக்குள்ள என்ன மாறுது?

திருவாரூர் மாவட்டத்துல எங்க பெரியம்மா வீட்டை சொல்றேன். ஒண்ணரை ஏக்கர் நஞ்சை, ரெண்டு மாடு. பெரியப்பா அக்கவுன்ட்டுக்கு கிசான் காசு, பெரியம்மா அக்கவுன்ட்டுக்கு ஆயிரம். கிசான் காசு வயலுக்கு போயிடும், அதுல பேச்சே கிடையாது. ஆயிரம் ரூபா எங்க போகுதுன்னு பெரியம்மாகிட்ட கேட்டா ஒரு மாசம் சிலிண்டர், ஒரு மாசம் மாட்டுக்கு பருத்திக்கொட்டை புண்ணாக்கு, ஒரு மாசம் பேத்திக்கு ஜுரம்னு ஆஸ்பத்திரி, சுகர் மாத்திரைன்னு வரிசையா சொல்வாங்க. தொகையை விட எனக்கு பெருசா தெரிஞ்சது வேற ஒண்ணு. முன்னாடி டவுனுக்கு பஸ் ஏறணும்னாலே பெரியப்பாகிட்ட கேக்கணும், அவர் கையில இருந்தா குடுப்பார், இல்லன்னா நெல் வித்து காசு வரட்டும்னு சொல்வார், அவர் கெட்டவர் இல்ல, அவர்கிட்டயும் இருக்காது. இப்ப பெரியம்மா கேக்குறதில்ல, போயிட்டு வந்துட்டு சொல்றாங்க. முட்டி வலிக்கு டாக்டர்கிட்ட காட்டாம வருஷக் கணக்கா தள்ளிப் போட்டுட்டு இருந்தவங்க இந்தக் காசு வர ஆரம்பிச்ச பிறகுதான் போனாங்க.

இன்னொண்ணு நெல் விக்குற நேரம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு பாப்பாங்க, மழை பேஞ்சா காய வைக்கணும், தார்ப்பாய் வாடகை, காவலுக்கு ஆள், வரிசையில நாள் கணக்கா காத்திருக்கணும். அந்த நாள்ல வீட்டுல அரிசி மட்டும் இருந்தா போதாது, எண்ணெய், மளிகை, வாரத் தவணை எல்லாம் நிக்காம வரும். காசு சுத்தமா இல்லாத வீடு களத்து மேட்டுலயே யாவாரி கேக்குற விலைக்கு குடுத்துடும். வீட்டுல ஒரு ஆயிரம் ரெண்டாயிரம் இருந்தா இன்னும் நாலு நாள் பொறுத்துக்கலாம்னு தைரியம் வருது. அந்த நாலு நாள்ல மூட்டைக்கு கிடைக்கிற வித்தியாசம் உதவித் தொகையை விட பெருசா இருக்கும்.

ஆம்பளைங்க கையில காசு குடுத்தா டாஸ்மாக்குக்கு தானே போகும்?

குடிக்கிறவன் இருக்கான், இல்லன்னு நான் சொல்லல. ஆனா குடிக்கிறவன் உதவித் தொகை வர்றதுக்கு முன்னாடியும் குடிச்சான், கூலிக் காசுல குடிச்சான். இதை ஊகத்துல பேசாம ஆராய்ச்சி பண்ணி பாத்திருக்காங்க. டேவிட் எவன்ஸ், அன்னா பொபோவான்னு ரெண்டு பேர் பல நாடுகள்ல நடந்த 19 ஆய்வுகளை ஒண்ணா வெச்சு பாத்தாங்க, நேரடிப் பணம் வாங்குனவங்க சாராயத்துக்கும் புகையிலைக்கும் கூடுதலா செலவு பண்ணதா பெருசா எங்கயும் தெரியல. மத்தியப் பிரதேசத்துல நடந்த சோதனையிலயும் அப்படி ஒண்ணும் கூடல.

அந்த மத்தியப் பிரதேச சோதனை பத்தி நம்ம ஆட்களுக்கு நிறைய பேருக்கு தெரியாது, அதனால கொஞ்சம் விரிவா. 2011ல சேவாங்கிற பெண் தொழிலாளர் சங்கம் யுனிசெஃப் உதவியோட 8 கிராமத்துல இதை பண்ணாங்க, அப்புறம் ஒரு ஆதிவாசி கிராமத்துலயும். பெரியவங்க ஒவ்வொருத்தருக்கும் மாசம் 200, குழந்தைக்கு 100, ஒரு வருஷம் கழிச்சு 300, 150ன்னு ஏத்துனாங்க. ஊர்ல எல்லாருக்கும், எந்த கண்டிஷனும் இல்லாம, அவங்கவங்க பேருக்கே, குழந்தை காசு அம்மா கைக்கு. ஒண்ணரை வருஷம் கிட்ட நடந்தது, கிட்டத்தட்ட ஆறாயிரம் பேர். காசு வராத 12 கிராமத்தோட ஒப்பிட்டு பாத்தாங்க. பொம்பளைப் புள்ளைங்களோட எடை கூடுச்சு, ஆடு மாடு கூடுச்சு, கடன் குறைஞ்சது, பெரிய கிளாஸ் படிக்கிற பொண்ணுங்க பள்ளிக்கூடம் போறது கூடுச்சு. நம்ம வீடுகள்ல நடக்குறதை பாத்தவங்களுக்கு இதுல ஒண்ணும் ஆச்சரியம் இருக்காது.

சும்மா காசு வந்தா வயல் வேலைக்கு யாரு வருவா?

இதை கேக்குறவங்க பெரும்பாலும் நாலஞ்சு ஏக்கர் வெச்சிருக்கவங்க, ஆள் பஞ்சம் உண்மைதான், நடவுக்கு ஆள் தேடி அலையிற கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா ஆயிரம் ரூபாவுக்கு ஒரு மாசம் யாரும் வீட்டுல படுத்துட மாட்டாங்க. மத்தியப் பிரதேசத்துல பாத்தது என்னன்னா வேலை குறையல, இடம் மாறுச்சு, அடுத்தவங்க நிலத்துல கூலிக்கு போறது குறைஞ்சு சொந்த நிலத்துல, சொந்த ஆடு மாட்டோட செலவழிக்கிற நேரம் கூடுச்சு. கென்யாவுலயும் இதே மாதிரிதான், கூலியை விட்டுட்டு சின்னதா கடை, கோழின்னு சொந்தத் தொழிலுக்கு போனாங்க. கூலிக்கு ஆள் வேணும்னு நினைக்கிறவருக்கு இது கஷ்டமா தெரியும், ஆனா தன் ஒரு ஏக்கரை பட்டினி போட்டுட்டு அடுத்தவர் வயலுக்கு ஓடுன பொம்பளை இப்ப தன் வயலுக்கு களை எடுக்குறாங்கன்னா அதை சோம்பேறித்தனம்னு சொல்றது அநியாயம்.

எல்லாருக்கும் காசு குடுத்தா விலைவாசி ஏறாதா?

கென்யாவுல சியாயாங்கிற மாவட்டத்துல ஏழைங்களுக்கு நேரடியா காசு குடுக்குற கிவ்டைரக்ட்லிங்கிற தொண்டு அமைப்பு 10,500 ஏழைக் குடும்பத்துக்கு, குடும்பம் ஒண்ணுக்கு ஆயிரம் டாலர்னு குடுத்தாங்க, 653 கிராமங்களை எடுத்து பொருளாதார நிபுணர்கள் அளந்து பாத்தாங்க. அந்தப் பகுதி பொருளாதாரத்துல 15 சதவீதம் அளவுக்கு காசு உள்ள வந்தும் விலை ஏறுனது 0.1 சதவீதம்தான். குடுத்த ஒவ்வொரு டாலரும் உள்ளூர்ல கிட்டத்தட்ட இரண்டரை டாலர் யாவாரமா சுத்துச்சு, காசு வாங்காத பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் வருமானம் கூடுச்சு. நம்ம ஆயிரத்துக்கும் ரெண்டாயிரத்துக்கும் விலைவாசியை கை காட்ட முடியாது.

மொத்தமா குடுக்குறது நல்லதா, மாசா மாசம் குடுக்குறது நல்லதா?

அதே கென்யாவுல முன்னாடி ரரியேடா பகுதியில, 2011ல இருந்து 2013 வரைக்கும், இதை பிரிச்சு பாத்தாங்க. செல்போன்ல எம்-பெசாங்கிற பணம் அனுப்புற சேவை வழியா காசு, சிலருக்கு மாசா மாசம், சிலருக்கு ஒரே தடவை. மாசா மாசம் வாங்குனவங்க வீட்டுல சாப்பாடு நல்லா ஆச்சு, மொத்தமா வாங்குனவங்க பெரிய பொருள் வாங்குனாங்க, அதுல நிறைய பேர் போட்டது தகரக் கூரை. கீத்துக் கூரை மாத்துற செலவு வருஷா வருஷம் என்னன்னு நம்ம பக்கம் கஜா புயலுக்கு முன்னாடி கூரை வீட்டுல இருந்தவங்களுக்கு சொல்லணுமா என்ன. அதே அமைப்பு கென்யாவுல அப்புறம் ஆரம்பிச்ச 12 வருஷத் திட்டத்துல மாசம் சுமார் 22 டாலர் வாங்குறவங்க என்ன பண்ணாங்கன்னா, நம்ம ஊர் மாதிரியே சீட்டு கட்டி, ஆளுக்கு ஒரு முறை மொத்தமா எடுத்துக்கிட்டாங்க. பன்னெண்டு வருஷம் வரும்னு நம்பிக்கை இருந்ததாலதான் அது முடிஞ்சது, ரெண்டே வருஷம்னு சொன்னவங்க அந்த அளவுக்கு தொழில்ல இறங்கல.

என்னைக் கேட்டா விவசாயிக்கு ரெண்டும் வேணும், வீட்டுக்கு மாசா மாசம், வயலுக்கு பட்டத்துக்கு (சாகுபடி பருவத்துக்கு) முன்னாடி மொத்தமா.

காசுக்கு பதிலா விதை, உரம், ஆடுன்னு பொருளா குடுக்கலாமே?

குடுக்கலாம், சிலதுக்கு அதுதான் சரி, ரேஷன் அரிசியை நிறுத்திட்டு காசு தரேன்னு யாராவது சொன்னா நான் எதிர்த்து நிப்பேன், ஏன்னா அரிசி விலை ஏறுனா காசு பத்தாது, அரிசி அரிசியாவே இருக்கும். ஆனா விதையும் உரமும் பொருளா வரும்போது வேண்டாத ரகம் வரும், நாத்து விட்ட பிறகு வரும், வாங்குறதுக்கு ஒரு நாள் கூலி போகும். களிமண்ணா வண்டலா, மேட்டு வயலா பள்ளமா, இந்த வருஷம் குறுகிய நாள் ரகமா நீண்ட நாள் ரகமான்னு அந்த நிலத்துக்காரருக்குத்தான் தெரியும்.

குத்தகைக்கு பண்றவங்களுக்கு என்ன கிடைக்குது?

பிஎம் கிசான்ல ஒண்ணுமே கிடையாது. இதை எழுதும்போதே எனக்கு கோபம் வருது. நிலம் யார் பேர்ல இருக்கோ அவருக்குத்தான் காசு, ஏர் ஓட்டுறவர் யாருன்னு கேக்க மாட்டாங்க. சென்னையில, சிங்கப்பூர்ல இருக்குறவர் பேர்ல பட்டா இருக்கும், அந்த வயல்ல முட்டி வரைக்கும் சேத்துல நிக்கிறவர் குத்தகை நெல்லும் அளந்துட்டு, உரத்துக்கு வட்டியும் கட்டிட்டு, வெள்ளம் வந்தா நட்டத்தையும் சுமப்பார், அவர் பேர்ல ஒரு காகிதமும் இருக்காது. டெல்டாவுல கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூர்க்காரர் நிலம்னு குத்தகை சாகுபடி எவ்ளோன்னு அந்தப் பக்கத்து ஆட்களுக்கு தெரியும். குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955லயே இருக்கு, குத்தகை உரிமையை பதிவு பண்ற சட்டம் 1969ல வந்தது, ஆனா பாதிக்கு மேல வாய் வார்த்தைதான், எழுதிக் குடுத்தா நிலத்தை விட மாட்டாங்கன்னு நிலத்துக்காரருக்கு பயம், எழுதக் கேட்டா அடுத்த வருஷம் நிலம் கிடைக்காதுன்னு இவருக்கு பயம்.

முடியாத காரியமான்னா இல்ல. ஆந்திராவுல 2019ல ஆரம்பிச்ச ரைத்து பரோசாவுல எஸ்சி, எஸ்டி, பிசி, சிறுபான்மை குத்தகைதாரர்களுக்கும் 13,500 ரூபா குடுத்தாங்க, அதுக்காகவே சாகுபடியாளர் உரிமை அட்டைன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, நில உரிமையை தொடாம சாகுபடியை மட்டும் பதிவு பண்றது. ஒடிசாவுல காலியா திட்டத்துல நிலமே இல்லாத குடும்பத்துக்கு ஆடு, கோழி, காளான்னு தொழில் பண்ண 12,500 ரூபா வெச்சாங்க. இதுக்கு நேர் மாறா தெலங்கானா 2018ல ரைத்து பந்து ஆரம்பிச்சப்ப ஒரு ஏக்கருக்கு ஒரு பட்டத்துக்கு 4000ன்னு குடுத்தாங்க, உச்சவரம்பு இல்ல, அம்பது ஏக்கர்காரருக்கு ரெண்டு லட்சம், குத்தகைக்காரருக்கு பூஜ்யம். நிலத்தை வெச்சு காசு குடுத்தா நிலம் இருக்குறவருக்குத்தான் போகும். 2024 டிசம்பர்ல நாடாளுமன்ற விவசாய நிலைக்குழுவே 6000த்தை 12,000 ஆக்குங்க, குத்தகைதாரருக்கும் விவசாயக் கூலிக்கும் குடுங்கன்னு சொல்லியிருக்கு. தமிழ்நாட்டுல பயிர் காப்பீட்டுக்கு விஏஓ குடுக்குற அடங்கலை (எந்த நிலத்துல யார் என்ன பயிர் வெச்சிருக்காங்கங்கிற கிராமக் கணக்கு) வெச்சு குத்தகைக்காரர் பேர் பதிய முடியுது, அதே அடங்கலை இதுக்கு ஏன் எடுத்துக்கக் கூடாது?

பெண் விவசாயிகளுக்கு?

அதே பிரச்சனையோட இன்னொரு முகம். 2015-16 விவசாயக் கணக்கெடுப்புப்படி நாட்டுல சாகுபடி பண்றவங்கன்னு கணக்குல இருக்குறவங்கள்ல பெண்கள் நூத்துக்கு 14 கிட்டதான். நடவும் களையும் அறுப்பும் மாடும் அவங்க, பட்டா மாமனார் பேர்ல. புருஷன் செத்துட்டா வாரிசு சான்றிதழ், பட்டா மாறுதல்னு அலைஞ்சு முடிக்கிறதுக்குள்ள எத்தனை தவணை போயிடுது. உரிமைத் தொகை பொம்பளை பேர்லயே போனது இதனாலதான் சரி.

2020ல பிஎம் கிசான்ல பெரிய மோசடி நடந்துச்சே, அதை பாத்தா நிறுத்திடலாம்னு தோணலையா?

நடந்தது. கொரோனா நேரத்துல தாங்களே பதிஞ்சுக்கலாம்னு திறந்து விட்டதை புரோக்கர்களும் சில கம்ப்யூட்டர் சென்டர்களும் பிடிச்சுக்கிட்டாங்க, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்னு பல மாவட்டத்துல விவசாயியே இல்லாத லட்சக் கணக்கான பேர் பேர்ல சுமார் 110 கோடி ரூபா போச்சு, சிபிசிஐடி விசாரிச்சாங்க. நிறைய பேருக்கு அது கொரோனா நிவாரணம்னு சொல்லித்தான் ஆதார் வாங்கியிருக்காங்க, அப்புறம் அந்த ஏழைங்க அக்கவுன்ட்ல இருந்தே திரும்பப் பிடிச்சாங்க. திருடுனவனை பிடிக்கணும், ஆனா அதுக்கு அப்புறம் வந்த ஒவ்வொரு சரிபார்ப்பும் உண்மையான விவசாயி தலையிலயும் விழுந்தது. வருஷம் பூரா களை எடுத்து, கதிர் அறுத்த கையில ரேகை தேஞ்சு போயிருக்கும், கருவியில கட்டை விரலை எத்தனை தடவை வெச்சாலும் சிவப்புதான் காட்டும், எண்ணெய் தேய்ச்சு, துணியில துடைச்சு, அடுத்த விரல் வெச்சு பாத்துட்டு, நாளைக்கு வாங்கன்னு அனுப்பிடுவாங்க. 2023ல முகத்தைக் காட்டி பண்ற வசதி ஆப்ல வந்த பிறகு கொஞ்சம் பரவால்ல.

வந்த காசை பேங்க்ல பிடிச்சுக்கிட்டா?

2023 செப்டம்பர்ல உரிமைத் தொகை முதல் மாசமே சில பேங்க்ல மினிமம் பேலன்ஸ் இல்லன்னும் பழைய கடன்னும் பிடிச்சுட்டாங்க, அப்பவே மாநில அரசு இப்படி பிடிக்கக் கூடாதுன்னு கண்டிச்சது. உங்களுக்கு நடந்தா பாஸ்புக் என்ட்ரி போட்டு, எழுதி, கிளை மேனேஜர்கிட்ட குடுத்து காப்பியில சீல் வாங்குங்க. முடிஞ்சா ஜீரோ பேலன்ஸ் அக்கவுன்ட்டா மாத்திக்குங்க.

இதை வெச்சு கடன்ல இருந்து வெளிய வந்துட முடியுமா?

முடியாது. அதே 2019 கணக்கெடுப்புல பாதி விவசாயக் குடும்பம் கடன்ல இருந்தது, சராசரி 74,121 ரூபா. 6000 அதுக்கு வட்டி கூட ஆகாது. நெல்லுக்கு நியாயமான விலை, கூட்டுறவு சங்கத்துல நேரத்துக்கு பயிர்க்கடன் (தவணைக்குள்ள கட்டுனா நம்ம மாநிலத்துல வட்டியே இல்ல), வாய்க்கால் தூர் வாருறது, வெள்ளத்துக்கு ஒழுங்கா இழப்பீடு, இதுக்கெல்லாம் பதிலா இந்தக் காசை காட்டி யாராவது வாயை அடைச்சா ஒத்துக்காதீங்க. ரெண்டுமே வேணும். 2019ல 6000, 2025 நவம்பர்ல கோயமுத்தூர்ல 21வது தவணை விட்டப்பவும் அதே 2000தான், நடுவுல நடவுக் கூலி, டிராக்டர் வாடகை, டீசல் எல்லாம் எங்கயோ போயிடுச்சு.

தவணை வரல, என்ன பண்றது?

முதல்ல பிஎம் கிசான் தளத்துல ஸ்டேட்டஸ் பாருங்க, மூணு விஷயம் ஓகேன்னு இருக்கணும்: ஈ-கேஒய்சி (ஆதாரை வெச்சு ஆளை சரிபாக்குறது), நில ஆவண இணைப்பு, ஆதாரோட பேங்க் இணைப்பு. ஈ-கேஒய்சி நின்னா இ-சேவை மையத்துல, இல்லன்னா ஆப்ல முகம் காட்டி பண்ணலாம். ஆதார் இணைப்புல ஒரு சிக்கல் இருக்கு, அக்கவுன்ட் ரெண்டு மூணு இருந்தா கடைசியா எதுல ஆதாரை இணைச்சீங்களோ அங்க போய் விழும், வரலன்னு நினைச்சுட்டு இருப்பீங்க, பழைய குழு அக்கவுன்ட்ல கிடக்கும், அதையும் ஒரு தடவை பாத்துடுங்க. நில இணைப்பு நின்னா சிட்டா, ஆதார், பாஸ்புக் எடுத்துக்கிட்டு வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்கு போங்க, விவசாயி அடையாள எண் எடுக்கலன்னா அதையும் அங்கயே கேளுங்க. பட்டா இன்னும் தாத்தா பேர்லயோ கூட்டுப் பட்டாவாவோ இருந்தா அதை மாத்தாம எதுவும் நகராது, தாலுகா ஆபீஸ்ல பட்டா மாறுதலுக்கு இன்னைக்கே மனு போடுங்க. 2019 பிப்ரவரி 1ம் தேதிக்கு அப்புறம் கிரயம் வாங்குன நிலத்துக்கு விதிப்படி கிடைக்காது, அப்பா இறந்து வாரிசா வந்தா கிடைக்கும், அதுக்கு இறப்புச் சான்றிதழும் வாரிசு சான்றிதழும் வேணும். உதவி எண் 155261, லைன் கிடைக்க நேரமாகும், காலையில அடிச்சுப் பாருங்க. அதுலயும் ஆகலன்னா மாவட்டத்துல நடக்குற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல மனுவா குடுங்க, மனு நம்பர் வாங்காம வெளிய வராதீங்க.